முதலிடம் யாருக்கு? புராக் ரசிகர்களின் ஐம்பது ஆண்டுச் சண்டை

புராக் ரசிகர்கள் இரண்டு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, "இதுவரை வந்ததிலேயே சிறந்த புராக் ஆல்பம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். ஒருவர் கிங் கிரிம்சன் குழு 1969இல் வெளியிட்ட 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' என்பார். மற்றவர் யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972) என்பார். மூன்றாவதாக ஒருவர் வந்து பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) என்று சொன்னால், அதுவரை மோதிக்கொண்டிருந்த இருவரும் ஒன்றுசேர்ந்து, "அது புராக்கே இல்லை" என்று அவர் மேல் பாய்வார்கள்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பத்திரிகைகள் ஒருகாலத்தில் கைகழுவிவிட்ட இந்த இசை இன்றைக்கும் நம் காதுக்குக் கிடைக்கிறது என்றால், அதில் இந்தச் சண்டைக்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

மூன்று நிமிடம் போதாது

புராக் என்பது புரோகிரசிவ் ராக் என்பதன் சுருக்கம். 1960களின் இறுதியில் பிரிட்டனில் வளர்ந்த இசை. அதுவரை ராக் பாட்டு என்றால் பெரும்பாலும் மூன்று நிமிடம், ஆட ஒரு தாளம், மனதில் ஒட்டிக்கொள்ள ஒரு பல்லவி. 1967இல் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதே ஆண்டு மூடி புளூஸ் குழு ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' ஆல்பத்தைச் செய்தது. முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை ஓர் ஆல்பம் முழுவதும் ஒரே படைப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் பரவியது.

அடுத்து வந்தவர்கள் மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், கிராமியப் பாடல் எல்லாவற்றையும் ராக்கில் கலந்தார்கள். தாளக் கணக்கும் மாறியது. நாலு நாலாக எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் ஐந்தும் ஏழும் வந்தன. மிருதங்க வகுப்பில் கண்ட சாபு, மிஸ்ர சாபு என்று கைதட்டி எண்ணிப் பழகியவர்களுக்கு இது அவ்வளவு மிரட்டலாக இருக்காது.

பாடல்களின் நீளத்தை முடிவுசெய்ததில் இசைத்தட்டுக்கும் பங்கு உண்டு. 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பதியலாம். அதற்கும் மேலே நீட்டினால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும், ஒலி மெலிந்துவிடும். 'குளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாடல் சுமார் 18½ நிமிடம். தட்டின் முதல் பக்கம் முழுவதும் அது ஒன்றுதான். ஜெத்ரோ டல் குழு அதே 1972இல் 'திக் ஆஸ் எ பிரிக்' ஆல்பத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே பாடலால் நிரப்பியது. அதன் உறையே ஒரு கற்பனை ஊரின் செய்தித்தாள்; விரித்து உட்கார்ந்து வாசிக்கலாம். இப்படிப்பட்ட ஆல்பங்களைக் கிண்டல் செய்யத்தான் அதை எழுதினோம் என்று குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தக் கிண்டலையும் சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

சிவப்பு முகமும் எட்டு நொடி வயலினும்

கிங் கிரிம்சனை முதலிடத்தில் வைப்பவர்களின் வாதம் எளிது: கதவைத் திறந்தவர்கள் அவர்கள். 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையேறுவதற்கு முன், ஆல்பம் எதுவும் வெளியிடாத இந்தக் குழு பெருங்கூட்டத்தின் முன் வாசித்தது. அக்டோபரில் ஆல்பம் வந்தது. அதில் வயலின் கூட்டம்போல எழும் ஒலி உண்மையில் மெலோட்ரான் என்ற கருவியுடையது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஓர் ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, முன்பே பதிந்துவைத்த ஒலியைத் தரும். சுமார் 8 நொடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்து மறுபடி அழுத்தவேண்டும்.

உறையில் அலறும் அந்தச் சிவப்பு முகத்தை வரைந்தவர் பாரி காட்பர். கணினி நிரல் எழுதும் வேலையில் இருந்தவர். ஆல்பம் வெளிவந்து சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், 24 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். முதல் ஆல்பத்தைச் செய்த குழுவும் அந்த ஆண்டு முடிவதற்குள் உடைந்துவிட்டது. இன்றும் அந்தத் தட்டை ஒருவர் கையில் எடுத்தால் உறையை உடனே கீழே வைப்பதில்லை. அதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

யோகியின் அடிக்குறிப்பும் மேடையில் வந்த கறியும்

1973 மார்ச்சில் யெஸ் குழுவின் முன்னாள் டிரம்ஸ் கலைஞர் பில் புருஃபோர்டின் திருமண விருந்து நடந்தது. அங்கே கிங் கிரிம்சனின் ஜேமி மியூர், யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். அதில் இந்து சாத்திரங்களின் நான்கு வகைகளை விளக்கும் ஓர் அடிக்குறிப்பு ஆண்டர்சனைப் பிடித்துக்கொண்டது: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். அந்த ஆண்டின் இறுதியில் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' வெளியானது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாடல்.

பிரிட்டனில் அது விற்பனையில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் பலர் வெளுத்துவாங்கினார்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரி ஒன்றில் அவருடைய உதவியாளர் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டு மேடைக்கே கறி வாங்கி வந்துவிட, வாசிப்பின் நடுவில் அங்கேயே சாப்பிட்டாராம். வேக்மனே பலமுறை சொல்லிச் சிரித்த கதை அது. 1974இல் அவர் குழுவை விட்டு விலகினார். இந்த ஆல்பம் பெரும்படைப்பா, வெறும் வீக்கமா என்பதில் ரசிகர்கள் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

1974இல் ராபர்ட் ஃபிரிப் கிங் கிரிம்சனைக் கலைத்தார். 1975இல் பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸை விட்டுப் போனார். 1976, 77இல் பங்க் வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன், பிங்க் ஃபிளாய்ட் டி-சர்ட்டில் 'நான் வெறுக்கிறேன்' என்று சேர்த்து எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தார். நீண்ட பாடல், பெரிய மேடை, புராணக் கதை எல்லாமே நகைப்புக்குரியவை ஆயின. ஆனால் அதே லைடன் 1977இல் லண்டன் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் தனக்குப் பிடித்த பாடல்களை ஒலிக்கவிட்டபோது, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற புராக் குழுவின் பீட்டர் ஹாமில் பாடியவையும் அதில் இருந்தன. பத்திரிகைகள் கிழித்த கோட்டை இசைக்கலைஞர்கள் அவ்வளவாக மதிக்கவில்லை.

தேடிப் பிடித்தவர்கள்

பிறகு வேலை ரசிகர்கள் கைக்கு வந்தது. பழைய தட்டுக் கடைகளிலும் சந்தைகளிலும் அவர்கள் தேடினார்கள். முதல் பதிப்பை அடையாளம் காணத் தனி வித்தையே உருவானது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித வட்டம் முதல் சாட்சி. ஐலண்ட் நிறுவனத்தின் ஆரம்பகாலப் பதிப்பு என்றால் இளஞ்சிவப்பு. வெர்டிகோ நிறுவனத் தட்டு என்றால் கறுப்பு வெள்ளைச் சுழி; தட்டு சுற்றும்போது பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். அடுத்த சாட்சி, பாட்டு முடிந்தபின் ஊசி ஓடும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண். அந்தத் தட்டு எந்த வார்ப்பிலிருந்து வந்தது என்பதை அதைக் கொண்டு சொல்வார்கள்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற ஆல்பம் எளிதில் கிடைக்கும். யாரும் வாங்காத ஆல்பம்தான் அரிதாகிறது. ஸ்பிரிங் என்ற குழு 1971இல் ஒரே ஓர் ஆல்பம் வெளியிட்டது. குழுவில் மூன்று பேர் மெலோட்ரான் வாசித்தார்கள். அன்றைக்கு அதைக் கவனித்தவர்கள் குறைவு. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அதற்காக அலைகிறார்கள். அன்றைய தோல்விதான் இன்றைய விலை.

பிரிட்டனுக்கு வெளியிலும் காவலர்கள் இருந்தார்கள். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்' (1971) சொந்த நாட்டில் பெரிதாக எடுபடவில்லை. இத்தாலியில் முதலிடம் பிடித்தது. இத்தாலியர்கள் கேட்பதோடு நிற்கவுமில்லை. பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்கோனி, பாங்கோ போன்ற குழுக்கள் தங்கள் மொழியிலேயே புராக் செய்தன. ஜப்பானில் குறுந்தகடு வந்தபின், பழைய எல்பி உறைகளை மடிப்பு மாறாமல் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அச்சிட்டார்கள்.

ரசிகர்களின் பலம் 1997இல் வேறு வகையில் தெரிந்தது. மரிலியன் குழுவிடம் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போகப் பணம் இல்லை. அமெரிக்க ரசிகர்கள் இணையம் வழியே ஒன்றுகூடிச் சுமார் 60,000 டாலர் திரட்டினார்கள். 2001இல் அந்தக் குழு இன்னும் பதிவுசெய்யாத ஆல்பத்துக்கு 12,000க்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள். இன்று கூட்டுநிதி என்று சொல்கிறோமே, அதற்கு முன்னோடிகளில் அவர்களும் உண்டு. 2009இல் 'இன் த கோர்ட்' ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டுக்காக அதன் பழைய ஒலிநாடாக்களிலிருந்து புதிய ஒலிக்கலவை செய்தவர் ஸ்டீவன் வில்சன். அவரும் இந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ரசிகர்தான்.

பட்டியலுக்கு வெளியே

2015இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 50 புராக் ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது 'டார்க் சைட்' முதலாவது, 'இன் த கோர்ட்' இரண்டாவது. 1973 முதல் 1988 வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இருந்த ஆல்பம் மேலே வந்ததில் ஆச்சரியம் இல்லை. எனக்கு ஆர்வம் தருவது எல்லையில் நிற்பவைதான்.

ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைச் சிலர் புராக் என்பார்கள், சிலர் ஜாஸ் என்பார்கள். அதன் பிறகு அவர் சேர்ந்து உருவாக்கிய சக்தி குழுவில் வயலின் வாசித்தவர் எல். சங்கர். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் இலங்கையை விட்டு வெளியேறியது. அதே சங்கரின் வயலின் 1980களில் பீட்டர் கேப்ரியலின் ஆல்பங்களிலும் கேட்கிறது. இவர் எந்தப் பட்டியலில் வருவார்? ரெனசான்ஸ் குழுவின் ஆனி ஹாஸ்லம், கர்வ்ட் ஏர் குழுவின் சோன்யா கிறிஸ்டினா ஆகியோரின் குரல்கள் ஏன் இவ்வளவு கீழே? பட்டியல் போடுகிறவர்களிடம் இதையெல்லாம் கேட்கவேண்டும். கேட்கக் கேட்கத்தான் பட்டியல் மாறும். மாறாத பட்டியலைக் கொஞ்ச நாளில் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

என் ஓட்டு 'குளோஸ் டு தி எட்ஜ்'. பறவைச் சத்தத்திலிருந்து ஒரு புயல் கிளம்புகிறது. நடுவில் எல்லாம் அடங்கி, லண்டன் தேவாலயம் ஒன்றில் வேக்மன் வாசித்துப் பதிந்த குழாய் ஆர்கன் எழுகிறது. பிறகு தொடக்கத்து மெட்டு வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. கிங் கிரிம்சன் கதவைத் திறந்தார்கள். யெஸ் உள்ளே போய் வீட்டைக் கட்டி முடித்தார்கள்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு பக்கத்தை, கைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு உங்களுடைய ஐந்து ஆல்பங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஐந்தும் புராக்காக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவோ சித்தியோ தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் தமிழ்க் கசெட்டுகளில் ஒன்றுக்கும் அதில் இடம் இருக்கலாம். அதைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். உறையில் இல்லாத விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.