குள்ளமாக்கப்பட்ட செஞ்சால்வியா



சில ஆண்டுகளுக்கு முன், பள்ளித் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வரவிருந்த வேளை. கயிறு பிடித்து வரிசையாக நட்ட செஞ்சால்வியாப் பாத்தியில் ஒரு செடி மட்டும் மற்றவற்றைவிட இருமடங்கு உயர்ந்து நின்றது. வரிசை கெடுகிறதே என்று கத்தரிக்கோலால் அதன் தலையை நறுக்கினேன். அருகில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி, "அது வளரத்தானே செஞ்சது டீச்சர்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியே சால்வியாவின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

சால்வியா நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. செஞ்சால்வியாவின் தாயகம் பிரேசில். பிரெடெரிக் செல்லோ என்னும் ஜெர்மானியர் 1814 முதல் அந்நாட்டில் அலைந்து செடிகளைச் சேகரித்தார். 1831இல் ரியோ டோசே ஆற்றில் மூழ்கி மாண்டார். அவர் சூட்டிய பெயரோடு இச்செடி 1820களின் தொடக்கத்தில் தாவர நூல்களில் இடம்பெற்றது. தாய்மண்ணில் இது நான்கடிக்கும் மேல் வளரும் புதர்ச்செடி. அதன் நீண்ட குழல் வடிவப் பூக்கள் ஓசனிச்சிட்டு என்னும் மிகச்சிறிய பறவைக்குத் தேன் தருபவை.

இங்கிலாந்திலோ அப்போது வேறொரு மோகம் பரவத் தொடங்கியிருந்தது. வெப்பநாட்டுச் செடிகளைக் கண்ணாடி வீட்டில் வளர்த்து, குளிர் நீங்கியதும் வெளியே ஒரே உயரத்தில் நெருக்கி நட்டு, கம்பளம் விரித்தாற்போல் வண்ணக்கோலம் காட்டுவார்கள். 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் கண்ணாடி வீடுகள் மலிந்தன, இம்முறையும் பெருகியது. கம்பளத்தில் ஒரு நூல் மட்டும் உயர்ந்து நிற்கலாமா? குட்டையாகவும் விரைந்து பூப்பதாகவும் இருந்த செடிகளே காலப்போக்கில் விதைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நான்கடிச் செடி ஓரடிக்குக் குறுகியது. நம் பள்ளிகளின் முகப்பில் நிற்பவை பெரும்பாலும் அந்தக் குள்ள வழிவந்தவையே.

இந்த மோகத்தை எதிர்த்தவர் வில்லியம் ராபின்சன். 1883இல் வெளிவந்த தம் 'ஆங்கிலப் பூந்தோட்டம்' என்ற நூலில், செடிகளை அவற்றின் இயல்பு வடிவிலேயே வளர விடும் தோட்டக்கலைக்காக அவர் வாதாடினார். அவ்வழியில் வந்தவர் கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் (1843-1932). ஓவியம் பயின்ற அவருக்குக் கண்பார்வை குன்றியது. பின்னர்த் தோட்டமே அவருக்கு ஓவியத்திரை ஆனது. சர்ரே மாவட்டத்து மன்ஸ்டெட் வுட் இல்லத்தில் 200 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட ஓரப்பாத்தி ஒன்றை அமைத்தார். நெட்டைச் செடிகள் பெரும்பாலும் பின்னால், குட்டைச் செடிகள் முன்னால்; இரு முனைகளிலும் தண்ணிய நிறங்கள், நடுவே அனல் போன்ற சிவப்பு. அச்சிவப்பில் டாலியா, கன்னா ஆகியவற்றோடு சால்வியாவுக்கும் இடம் இருந்தது.

அம்மையாரின் ஒரு கருத்து என்னை நிறுத்தி வைத்தது. கம்பளப் பாத்தியைப் பழித்தவர்கள் அதில் நட்ட செடிகளையும் சேர்த்தே பழித்தனர். அவரோ 1899இல் எழுதிய நூலில், குற்றம் செடியினுடையது அன்று, அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்களுடையதே என்றார்.

இன்று நெட்டைச் சால்வியாக்கள் மீண்டும் விரும்பப்படுகின்றன. மெக்சிகோவின் ஊதாநிறச் சால்வியா, தென்னமெரிக்காவின் நீலச் சால்வியா ஆகியவை ஓரப்பாத்திகளின் பின்வரிசையில் நிற்கின்றன. 2005இல் அர்ஜென்டினாவில் ரோலண்டோ உரியா கண்டெடுத்த கருஊதாச் சால்வியா நான்கடி உயரம் வளர்வது. 'அமிஸ்டாட்' என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் நட்பு என்று பொருள்.

வளர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: நீர் தேங்காத மண் வேண்டும். நம் சமவெளி வெப்பத்தில் நண்பகலுக்குப் பின் சற்று நிழல் நல்லது. மலைக்குளிரில் இன்னும் செழிக்கும். இளமையில் நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும். உயர்ந்தபின் ஒரு கோல் ஊன்றிக் கட்டுங்கள். வாடிய பூங்கதிரை நீக்கினால் புதுக்கதிர் வரும்.

அடுத்த பருவத்தில், வெட்டுப்பட்ட செடி தழைத்தது. அதிலிருந்து துண்டு எடுத்து வேர்பிடிக்க வைத்து, வேலியோரம் பின்வரிசையில் நட்டோம். கோல் ஊன்றிக் கட்டியவள் அதே மாணவிதான். அவ்வாண்டு போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் செடி அவள் தோளை எட்டியது.

வகுப்பறையிலும் நாம் கயிறு பிடித்தே நடுகிறோம். அளவை மீறி வளரும் பிள்ளையைக் கண்டால் நம் கை முதலில் எதைத் தேடுகிறது, கத்தரிக்கோலையா, ஊன்றுகோலையா? சிந்திப்போம்.

அன்புடன், உங்கள் ஆசிரியை.