கிளம்ப மறுத்த மோட்டார்: திருவனந்தபுரம் கடற்கரையின் எரிபொருள் வரலாறு

கேரள மீன்பிடித் தொழில் இயந்திரமயமான வரலாறு பெரும்பாலும் 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்திலிருந்தே எழுதப்படுகிறது. உள்ளூர்க் கலங்களில் இயந்திரம் பொருத்தும் முயற்சி கைகூடாதபோது, அத்திட்டம் புதிய வடிவப் படகுகளை நாடியது. அலை உடையும் திறந்த மணற்கரையில் கட்டுமரம் தள்ளிய திருவனந்தபுரம் ஊர்களுக்கு அப்படகுகளால் பெரும்பயன் விளையவில்லை. விடியலில் நிலக்காற்றில் பாய் விரித்துச் செல்வதும் பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவதுமே அங்கு வழக்கமாக நீடித்தது.

இவ்வழக்கம் 1980களில் மாறியது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ்), கரையிலேயே ஏற்றி இறக்கத்தக்க பிளைவுட் படகுகளையும் அவுட்போர்டு மோட்டார்களையும் பரப்பியதில் பெரும்பங்கு ஆற்றியது. மோட்டார்கள் பெரும்பாலும் ஜப்பானியத் தயாரிப்புகள், மண்ணெண்ணெயில் ஓடுபவை.

ஆனால் அவை மண்ணெண்ணெயில் கிளம்புபவை அல்ல. பெட்ரோல் ஆவி சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே பெட்ரோலில் கிளப்பி, எந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் சற்று நேரம் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். பின்னதைத் தவிர்த்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் விடியலில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் ஸ்பார்க் பிளக் நனையுமேயன்றி எந்திரம் உயிர்பெறாது. நாளடைவில் பிளக்கில் கரியும் படியும்.

இதனை மீனவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது எளிது. எனினும் மானிய மண்ணெண்ணெய் பெர்மிட்டின் அளவுக்கே கிடைத்தது. பெட்ரோலோ முழுவிலைக்கு வாங்கப்பட்டது. அன்றைய பாடு பொய்த்துக் கரை திரும்புபவருக்கு, நிறுத்துமுன் எரிக்கும் அந்தச் சிறிதளவு பெட்ரோலும் கூடுதல் செலவே. ஆகவே கிளம்ப மறுக்கும் மோட்டார் பொறியியற் பழுது மட்டுமன்று; எரிபொருள் விலைக்கொள்கை எந்திரத்தினுள் விட்டுச்செல்லும் படிவுமாகும்.

அப்படிவின் விலை சில வேளைகளில் உயிர். அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றுபோனால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். ஆழ்கடலில் நின்றால், பாய் ஏற்றாத கலத்துக்குத் துடுப்பும் அவ்வழி வரும் அண்டைப் படகுமே துணை. காற்றை மட்டும் நம்பியிருந்த தலைமுறைக்கு இந்த இடர் இல்லை. வேறு இடர்கள் இருந்தன.

சிஃப்ஸ் மோட்டார் விற்பனையோடு நில்லாமல் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது இதனாலேயே பொருளுடையதாகிறது. இயந்திரமயமாக்கத்தை மோட்டார்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் ஆய்வுகள் அப்பட்டறைகளையும் ஆவணங்களாகக் கொள்ள வேண்டும். ஒரு தொழில்நுட்பம் ஓர் ஊருக்கு எந்த நிபந்தனையில் வந்து சேர்ந்தது என்பதை, அது ஓடும் நாளைவிட ஓட மறுக்கும் நாளே தெளிவாகக் காட்டுகிறது.