பட்டத்துக்கு முன்னால் வந்த வேலை

வேளாண் பொறியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் மாணவருக்கு உதவிப் பொறியாளர் பதவி, டிராக்டர் கம்பெனி, சொட்டுநீர்ப் பாசன நிறுவனம், வங்கி என்று ஒரு பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது. பட்டியலில் பிழையில்லை. ஆனால் அந்த வேலைகள் எப்படிப் பிறந்தன என்பதை அது சொல்வதில்லை. இந்தியாவில் இந்தத் துறை வளர்ந்த கதையைப் பார்த்தால், வயலில் ஒரு முட்டுப்பாடு எழுந்து, அதைத் தீர்க்கும் தொழில் முளைத்த பிறகே படிப்பு வந்திருக்கிறது.

அலகாபாத்தை அடுத்த நைனியில், யமுனைக் கரையில் சாம் ஹிக்கின்பாட்டம் தொடங்கிய வேளாண் நிறுவனத்துக்கு 1921இல் வந்து சேர்ந்தார் அமெரிக்கப் பொறியாளர் மேசன் வாக். அவர் கவனம் கலப்பையின் மேல் விழுந்தது. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது; களையின் வேர் பிழைத்துக்கொள்வதால் உழவர் திரும்பத் திரும்பச் சால் ஓட்ட வேண்டும். மேலைநாட்டு இரும்புக் கலப்பையோ குதிரையின் வலுவுக்குச் செய்தது. ஒரு ஜோடி மாடு இழுக்கும் எடையில் மண்ணைப் புரட்டும் கலப்பைகளை வாக் வடிவமைத்தார். ‘வாஹ் வாஹ்’, ‘ஷாபாஷ்’ என்று உழவர் வாயில் புழங்கும் சொற்களே அவற்றுக்குப் பெயராயின. அவர் வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1942இல்தான் அங்கே வேளாண் பொறியியல் பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டிலேயே அதுதான் முதல்.

கொங்கு நாட்டிலும் வரிசை இதுதான். ஆழக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த ஊர்களுக்கு 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தது. பம்பு செட்டுக்குத் தேவை பெருக, கோவையில் வார்ப்படப் பட்டறைகள் பெருகின. வேளாண் பொறியியல் கல்லூரி அங்கே வந்தது 1972இல்.

அரசு இல்லாமல் இந்தத் துறை வளர்ந்திருக்குமா என்று கேட்கலாம். வளர்ந்திருக்காது, இதை மறுப்பது நேர்மையாகாது. நாணல் மண்டிய மத்திய இந்தியச் சமவெளியை உழவுக்குத் திருப்ப 1947இல் மத்திய டிராக்டர் அமைப்பு உருவானது. 1949இல் உலக வங்கி அந்த வேலைக்கான இயந்திரங்களுக்காக 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. எந்தப் பட்டறையும் தாங்கக்கூடிய செலவல்ல அது. ஆனாலும் அங்கேயும் முதலில் நின்றது நிலத்தின் சிக்கல். கரக்பூர் ஐஐடியில் இந்தப் படிப்பு 1952இல்தான் வந்தது.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: பட்டம் இல்லாத கொல்லரும் மெக்கானிக்கும் செய்து காட்டியதற்கு நான்காண்டுப் படிப்பு எதற்கு? கோவையின் கிணறுகளே இதற்குப் பதில் சொல்கின்றன. தண்ணீரை மேலே ஏற்றப் பட்டறைக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு ஏற்றலாம், மழைநீரில் எவ்வளவு பாறை இடுக்கு வழியாக உள்ளே இறங்கும், தடுப்பணை எந்த ஓடையில் பயன்தரும் என்பதை எவரும் கணக்கிடாமலே மோட்டார்கள் ஓடின. திறந்த கிணறு வற்ற, ஆழ்துளைக் கிணறு வந்தது. மண்ணின் தன்மை, நீர்ப்பிடிப்புப் பரப்பு, பயிரின் தேவை மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் பயிற்சி பட்டறையில் கிடைக்காது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேண்டும். பதவி அறிவிப்பு வெளிவராத ஆண்டிலும் இந்த வேலை அங்கேதான் இருக்கிறது.