நர்ஸும் நன்னடத்தைச் சான்றிதழும்

1860-ம் ஆண்டு ஜூலை மாதம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 15 பெண்கள் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். தங்க இடம், சாப்பாடு, துணி வெளுப்பு எல்லாம் இலவசம். கூடவே ஆண்டுக்கு 10 பவுண்டு சம்பளம் வேறு! கிரிமியப் போரில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் செய்த பணிக்கு நன்றியாகப் பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நிதி சுமார் 45,000 பவுண்டு. பள்ளி நடந்தது அந்தப் பணத்தில்தான்.

இத்தனையும் கொடுத்துவிட்டு அந்தப் பெண்களிடம் என்ன கேட்டார்கள்? உழைப்பைக் கேட்டார்கள், அதோடு ஒழுக்கத்தையும் கேட்டார்கள். மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார் ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதந்தோறும் ஒரு தாள் நிரப்புவார். அதில் ஒரு பகுதி தொழில் திறமைக்கு: புண்ணுக்குக் கட்டுப் போடுவது, நோயாளியை நகர்த்துவது போன்றவை. இன்னொரு பகுதி நடத்தைக்கு: நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம். கட்டுப் போடத் தெரியாத பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்துவிடலாம். நடத்தைப் பகுதியில் கறை விழுந்தவளை வைத்துக்கொள்ள முடியாது. அதுதான் அந்தத் தாளின் தத்துவம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1843-44-ல் சார்லஸ் டிக்கன்ஸ் தொடராக எழுதிய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் சேரி கேம்ப் என்று ஒரு பாத்திரம் வரும். குடித்துவிட்டு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி. கையில் எப்போதும் ஒரு பழைய குடை. அவள் எவ்வளவு பிரபலமானாள் என்றால், ஆங்கிலப் பேச்சு வழக்கில் குடைக்கே 'கேம்ப்' என்று பெயர் வந்துவிட்டது. பணத்துக்காக நர்ஸ் வேலை பார்ப்பவள் என்றாலே இப்படிப்பட்டவள்தான் என்ற எண்ணம் ஊரெல்லாம் பரவியது. நைட்டிங்கேல் மருத்துவமனையில் பழகப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் நடந்த ரகளைக்கும் இதே காரணம்தான். நல்ல குடும்பத்துப் பெண் போகிற இடமா அது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொந்தமாகத் தொழில் செய்த அந்தக் காலத்து நர்ஸுகள் எல்லோரும் குடிகாரிகள் அல்ல. ஆன் சம்மர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். டாக்டருக்குக் கீழ்ப்படியாமல், தானே முடிவெடுத்துச் சம்பாதித்த ஏழைப் பெண்கள் சிலருக்குத் தொந்தரவாக இருந்தார்கள். அவர்களை ஓரங்கட்ட சேரி கேம்ப் என்ற பெயர் நன்றாக உதவியது. ஆக, நர்ஸின் 'கெட்ட பெயர்' என்பது பாதி உண்மை, பாதி ஏழைகள் மேலிருந்த இளக்காரம்.

1854 அக்டோபரில் நைட்டிங்கேலோடு துருக்கிக்குப் புறப்பட்ட 38 பெண்களில் 14 பேர் சாதாரண மருத்துவமனை நர்ஸுகள். மற்றவர்கள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளும் ஆங்கிலிக்கன் சகோதரிகளும். சம்பளக்கார நர்ஸுகளுக்கு அழகே இல்லாத சாம்பல் நிற முரட்டு உடுப்பும், 'ஸ்குட்டாரி மருத்துவமனை' என்று சிவப்பு நூலில் தைத்த ஒரு பட்டையும் கொடுத்தார்கள். சிப்பாய்கள் நிறைந்த ஊரில் இவள் நர்ஸ், வேறு மாதிரிப் பெண் அல்ல என்று தூரத்திலேயே தெரிய வேண்டுமே! நர்ஸ் உடுப்பின் முதல் வேலை கிருமியைத் தடுப்பதல்ல, சந்தேகத்தைத் தடுப்பதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை. உள்நாட்டுப் போரின்போது வடக்கு ராணுவத்தின் நர்ஸுகளுக்குத் தலைவியாக இருந்த டாரதியா டிக்ஸ் 1862-ல் ஒரு சுற்றறிக்கை விட்டார். வயது 35-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும். உடை பழுப்பு, சாம்பல், கறுப்பு நிறங்களில்தான். நகை நட்டு கூடாது. ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் வேண்டும். சம்பளம் ஒரு நாளைக்கு 40 சென்ட். அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தபோது இந்த விதிகளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. 1863 அக்டோபரில் ராணுவ மருத்துவத் துறைத் தலைவரே நேரடியாக நர்ஸுகளை நியமிக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஆள் தேவைப்படும்போது ஒழுக்கத்தின் கயிறு கொஞ்சம் தளரும். எல்லா நாட்டிலும் இப்படித்தான்.

(நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் நர்ஸை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கிலாந்து மருத்துவமனைகளில் வார்டு பொறுப்பாளருக்கு இருந்த பெயர் அது. அதன் வேர் கன்னிமடத்தில் இருக்கிறது.)

1887-ல் திருமதி பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்பவர் பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கத்தைத் தொடங்கி, டாக்டர்களைப் போல நர்ஸுகளுக்கும் அரசுப் பதிவேடு வேண்டும் என்றார். எதிர்த்தவர் யார் தெரியுமா? நைட்டிங்கேல்! பரீட்சை வைத்து அறிவை அளக்கலாம், குணத்தை எப்படி அளப்பது என்பது அவருடைய வாதம். சண்டை முப்பது வருடத்துக்கு மேல் நடந்தது. 1919-ல் சட்டம் வந்தது, 1921-ல் பதிவேடு திறந்தது, அதில் 1-ம் எண் ஃபென்விக்குக்கே கிடைத்தது. தோற்ற நைட்டிங்கேலின் கவலையும் வீணாகவில்லை. பதிவுக்கு நல்ல நடத்தை அவசியம் என்ற நிபந்தனை சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டும் உடுப்பின் கௌரவம் நிலைக்கவில்லை. 1959-ல் வந்த 'கேரி ஆன் நர்ஸ்' என்ற நகைச்சுவைப் படம் பிரிட்டனில் சக்கைப்போடு போட்டது. அதற்குப் பிறகு நர்ஸ் என்றால் கண்ணடித்துச் சிரிக்கும் ஒரு பாத்திரம் என்பது சினிமாவிலும் வாழ்த்து அட்டையிலும் வழக்கமாகிவிட்டது. கேளிக்கை விடுதிகளில் ஆடும் பெண்கள் போடும் வேடங்களில் நர்ஸ் வேடமும் ஒன்று. சந்தேகத்தைத் தடுக்கத் தைத்த உடுப்பு கடைசியில் அங்கே போய் நின்றது!

இனி உண்மையான நர்ஸ் மாணவி அந்த மேடையில் ஆடினால் என்ன என்ற கேள்விக்கு வரலாம். இங்கிலாந்தில் நர்ஸ் படிப்புக்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு என்ற நிலை 2017 ஆகஸ்டில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முடிவுக்கு வந்தது. அப்போது ஆண்டுக்கு 9,250 பவுண்டு வரை கட்டணம் இருந்தது, எல்லாம் கடன். படிப்புக் காலத்தில் 2,300 மணி நேரம் வார்டிலும் பிற இடங்களிலும் சம்பளமில்லாமல் பயிற்சி செய்ய வேண்டும். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி வரும்போது கடையில் பகுதி நேர வேலை கிடைப்பதும் கஷ்டம். 2020-ல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை திரும்ப வந்தது, கட்டணம் போகவில்லை.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீலா சாண்டர்ஸ், கேட் ஹார்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் நடன விடுதிகளில் வேலை செய்யும் பெண்களிடம் பேசினார்கள். அவர்களில் படிப்புச் செலவுக்காக வந்த மாணவிகளும் இருந்தார்கள். நேரத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது முக்கியமான காரணம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: பெரும்பாலான விடுதிகளில் ஆடுகிற பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது, அவள்தான் விடுதிக்கு அன்றைய கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் அவளுடையது. அதாவது இப்படி ஒரு நர்ஸ் மாணவி இருந்தால், பகலில் வார்டில் உழைக்கவும் பணம் கட்டுகிறாள், இரவில் மேடையில் ஆடவும் பணம் கட்டுகிறாள்!

உரிமம் பெற்ற விடுதியில் ஆடுவது அங்கே குற்றமல்ல. ஆனால் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நர்ஸுகளுக்கான நெறிமுறை, தொழிலின் நற்பெயரை எப்போதும் காக்க வேண்டும் என்கிறது. எப்போதும் என்றால் வேலை நேரத்துக்கு வெளியிலும்தான். பதிவுக்கு முன்னால் மாணவியின் நன்னடத்தையைப் பல்கலைக்கழகம் உறுதி செய்து கொடுக்க வேண்டும். நோயாளிக்கு அவளால் ஒரு தீங்கும் இல்லை என்றாலும், பொதுமக்களின் நம்பிக்கை குலையும் என்ற காரணத்தை வைத்தே கேள்வி எழுப்ப முடியும். அந்தப் பொதுமக்கள் யார்? அதே விடுதியில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவரும் பொதுமக்களில் ஒருவர்தான். அவருடைய நற்பெயரை யாரும் விசாரிப்பதில்லை.

வார்ட்ரோப்பர் அம்மையார் மாதத் தாளை நிரப்பியபோது அந்தப் பெண்ணுக்குக் கட்டிலும், மூன்று வேளைச் சாப்பாடும், 10 பவுண்டும் கொடுத்துவிட்டுத்தான் நிரப்பினார். 2017-ல் சேர்ந்த மாணவிக்கு அவை எதுவும் இல்லை, தாள் மட்டும் அப்படியே இருந்தது.