ஆண்டுக்கொரு முறை வந்த சேதி



மாசி மகம் என்றதும் மலாக்கா வட்டாரத் தமிழர்களுக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் நினைவுக்கு வரும். நகரத்திலே 1781-ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகப் பெருமான் தேரேறிச் செங்குக்கு வருவதும், பக்தர்கள் காவடி எடுப்பதும் நாம் அறிந்தவையே. அந்தக் கூட்டத்தில் சாமி கும்பிட்ட பிறகு இன்னொரு காரியமும் நடந்து வந்தது. வெவ்வேறு தோட்டங்களிலே பிழைத்த உறவுக்காரர்களும் சிநேகிதர்களும் மர நிழலில் உட்கார்ந்து, கட்டுச்சோற்றைப் பிரித்தபடியே ஓராண்டுச் சேதியைப் பேசி முடித்தார்கள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தப் பெண் பெரியவளானாள், எந்தக் கிழவர் போய்ச் சேர்ந்தார், எவன் எந்தத் தோட்டத்துக்கு மாறிப் போனான் என்றெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஏன் ஆண்டுக்கு ஒரு முறை? மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டவர் டான் சாய் யான். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அவர் தொடங்கியது, பிறகு புக்கிட் அசாகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். ஒரே ஊரில் புறப்பட்டவர்கள் இங்கே வந்து வெவ்வேறு தோட்டங்களில் சிதறினார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போயிற்று. பத்து மைலுக்கு அப்பால் இருந்த தங்கையைப் பார்ப்பதற்குக்கூடத் திருவிழா வர வேண்டியிருந்தது.

கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கோ கடிதம் ஒன்றுதான் வழி. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை அது நம்மவர்களைச் சுமந்தது. தபாலும் கப்பலிலேதான் வந்த காலம் அது. எழுதத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. கிராணியாரிடமோ பள்ளி வாத்தியாரிடமோ போய் நிற்பார்கள். "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று அவர் தாமாகவே தொடங்கிவிடுவார். அடுத்தது என்ன எழுதுவது என்று கேட்டால், வந்தவருக்கு நாக்கு எழாது. அடுத்தவர் கையால் எழுதும் கடிதத்தில் மனைவிக்கு என்னத்தைச் சொல்வது? ஆகவே பிறப்பு, இறப்பு, கலியாணம், அனுப்பிய பணம், இவை மட்டுமே தாளில் ஏறின. படிக்கத் தெரியாதவருக்கும் சேதியின் தன்மை முன்னாலே தெரிந்துவிடும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் சுபம். கறுப்பு மை தடவியிருந்தால் சாவு. சாவுக் கடிதத்தை வாசலில் வைத்தே படித்துக் கிழித்துப் போடுவார்கள். அதனால் ஒரு நஷ்டம் நமக்கு உண்டு. நல்ல சேதிகள் பெட்டிகளில் தங்கின. யார் எந்த ஆண்டில் இறந்தார் என்பது காற்றோடு போயிற்று.

தோட்டங்களுக்கு உடலுழைப்பு வேலைக்கு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. புதிதாக வந்தவர்கள் வாய்வழியாகச் சொல்லும் ஊர்ச் சேதியும் அதோடு குறைந்தது. பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. 1945 வரை மூன்றரை ஆண்டுகள் ஊருக்குத் தபால் போக்குவரத்தே இல்லை. எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் ஒரு தாய் ஒவ்வொரு நாளும் தபால்காரன் வரும் தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மகனோ சயாமுக்குப் போயிருக்கிறான். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம்–பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒழுங்கான பெயர்ப் பதிவு கிடையாது. ஆகவே போர் முடிந்து மீண்டும் தபால் ஓடியபோது, என்ன எழுதுவது என்பதே பெரும் கேள்வியாக நின்றது. போனவன் திரும்பவில்லை, செத்ததைப் பார்த்தவரும் இல்லை. கறுப்பு மை தடவுவதா, வேண்டாமா? பொட்டை அழிப்பதா, வைத்துக்கொண்டு காத்திருப்பதா? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே முதுமை அடைந்த பெண்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்க, அவை துண்டாடப்பட்டன. தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி சேர்க்கச் சொன்னது அப்போதுதான். ஆனாலும் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன; பழைய விலாசத்துக்கு வந்த கடிதங்கள் ஆளில்லாமல் திரும்பின. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்களில் பலர் கப்பலேறினார்கள். ஏறத்தாழ 60,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதுவரை இந்தியாவிலிருந்து வந்த கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள், அதன் பிறகு இந்தியாவுக்குப் போன அண்ணன் தம்பியின் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். நீல நிற ஏர் மெயில் தாளில் ஓரம், மடிப்பு எதையும் விடாமல் நெருக்கி எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகளே எழுதியவை அவை. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. பாட்டன் போனதும் அதுவும் பல வீடுகளில் நின்றது. விலாசம் அவர் வாயில்தான் இருந்தது.

"எங்கள் ஊர் சேலம் பக்கம்" என்று மட்டும் சொன்னால் யாரைக் கண்டுபிடிப்பது? ஆனால் பழைய தகரப் பெட்டியிலே ஓர் உறை கிடந்தால், அதில் கிராமம், தபால் ஆபீஸ், தாலுகா, ஜில்லா நான்கும் வரிசையாக இருக்கும். அஞ்சல் முத்திரையில் தேதியும் இருக்கும். அந்த ஓர் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு போய், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விட்டு வந்த பேரப் பிள்ளைகள் உண்டு.