‘செயலற்ற’ இரும்பு: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறுகாயை நெடுநாள் வைக்கலாகாது என்று வீடுகளில் சொல்வதுண்டு. துருவே பிடிக்காது எனப் பெயரெடுத்த உலோகத்தில் ஊசிமுனைக் குழிகள் எவ்வாறு விழுகின்றன? இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு கலைச்சொல்லின் வரலாறும் இருக்கிறது.

நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு நுரைத்துக் கரையும். செறிந்த அமிலத்திலோ கரையாமல் கிடக்கும். இவ்வியல்பை ஜேம்ஸ் கீர் 1790இல் விவரித்தார். 1836இல் பேசல் நகர வேதியியலாளர் ஷோன்பைன் இதனை ஆராய்ந்து, இந்நிலைக்குச் ‘செயலற்றது’ என்னும் பொருள்படப் ‘பேசிவ்’ என்று பெயரிட்டு, லண்டனிலிருந்த ஃபாரடேக்கு எழுதினார். இரும்பின் மேற்பரப்பு ஆக்சிசனோடு கூடியிருத்தல் வேண்டும் என்பது ஃபாரடேயின் கருத்து. ஆனால் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. ஆகவே வாதம் நீண்டது. 1927இல்தான் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ், அடியிலிருந்த இரும்பைக் கரைத்து நீக்கி, மேற்படலத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்.

சில நானோமீட்டர் தடிப்பே உள்ள அப்படலம் செயலற்றதன்று. எவர்சில்வரில் கீறல் விழுந்தால், அங்குள்ள குரோமியம் ஆக்சிசனோடு சேர்ந்து படலத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. உப்பிலுள்ள குளோரைடு இப்புதுப்பித்தலைத் தடுக்கும் இடத்தில் குழி தோன்றுகிறது.

குழி ஒரு புள்ளியில் தொடங்குகிறது. வழக்கமான மின்வேதி அளவீடோ பரப்பு முழுவதன் மின்னோட்டத்தையும் சேர்த்தே காட்டும். இக்குறையை நீக்க வழிசெய்தது, 1989இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் பார்டு குழுவினர் உருவாக்கிய வருடு மின்வேதி நுண்ணோக்கி. இதில் மிக நுண்ணிய மின்முனை ஒன்று, கரைசலில் மூழ்கிய பரப்பை ஒட்டி நகர்ந்து, ஒவ்வோரிடத்திலும் நிகழும் வினையை மின்னோட்டமாகப் பதிவுசெய்கிறது. குழி விழவிருக்கும் இடங்களை டைட்டானியத்தில் முன்கூட்டியே கண்டறிய 1990களில் இது பயன்பட்டது. பாலத்தின் கம்பியானாலும் எலும்பில் பொருத்தும் உலோகமானாலும், சேதம் தொடங்கும் இடத்தை அறிவதே காப்பின் முதற்படி.

மொழியியல் பயின்றவனாக இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஷோன்பைன் கண்டது வினை நிகழாமையை. அதற்கே அவர் பெயரிட்டார். அதைத் தாங்கி நிற்கும் ஓயாத வினை பிற்காலத்தில்தான் தெரியவந்தது. ஆங்கிலத்தில் பழஞ்சொல் நிலைத்துவிட்டது. நாமும் ‘செயலற்ற நிலை’ என்று நேர்பொருளில் பெயர்த்தால், உலோகம் சும்மா கிடப்பதாகவே மாணவர் எண்ணுவர். ‘காப்புறு நிலை’ என்பது பொருந்துமா? வேதியியல் கற்பிக்கும் நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.