தபால் பெட்டியைப் பார்க்காத தபால்தலை

வீட்டுப் பரணில் பழைய ஸ்டாம்ப் ஆல்பம் ஒன்று கிடந்தால் தூசி தட்டி எடுத்து, அஜ்மான் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். 1970களிலோ 80களிலோ பள்ளிக்கூடம் போன யாரோ சேர்த்த ஆல்பம் என்றால் அநேகமாக அகப்படும். சாதாரண இந்திய ஸ்டாம்பைவிடப் பெரியது. வழவழப்பான தாள். படம் அப்போலோ விண்வெளி வீரராக இருக்கலாம், நெப்போலியனாக இருக்கலாம், ஒலிம்பிக் ஓட்டக்காரராகவும் இருக்கலாம். ஒரு மூலையில் மட்டும் கறுப்பு முத்திரை. கால் வட்டம், துளிகூடப் பிசிறு இல்லை. நம்மூர் அஞ்சலகத்தில் விழும் முத்திரையை நினைத்துப் பாருங்கள்: பாதி மை, பாதி மசமசப்பு, காந்தியின் மூக்குக்குக் குறுக்கே ஒரு கோடு. இதுவோ படத்தைத் தொந்தரவு செய்யாமல் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது.

இப்போது மெல்லத் திருப்புங்கள். சேகரித்த பையன் சோற்றுப் பருக்கையால் அப்பாமல் இருந்தால், பின்பக்கக் கோந்து பளபளவென்று அப்படியே இருக்கும். உறையில் ஒட்டி, முத்திரை வாங்கி, ஊர் ஊராகப் போய், கடைசியில் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறி உரிக்கப்பட்ட ஸ்டாம்பில் கோந்து எப்படி மிஞ்சும்? மிஞ்சாது. இந்த ஸ்டாம்ப் எந்த உறையிலும் ஒட்டப்பட்டதில்லை. முத்திரையும் எந்த அஞ்சல் ஊழியரும் குத்தியதல்ல. படத்தோடு சேர்த்தே அச்சகத்தில் விழுந்தது. நான்கு ஸ்டாம்புகள் கூடும் இடத்தில் ஒரு முழு வட்டம் அடித்து, துளையிட்ட கோட்டில் கிழித்தால் ஆளுக்குக் கால் வட்டம்.

இது பிறந்த கதைக்கு வளைகுடாவுக்குப் போக வேண்டும். இன்றைய ஐக்கிய அரபு அமீரகம் அன்று பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த ஏழு ஷேக் ராஜ்யங்கள். துபாயில் 1909இல் தபால் நிலையம் திறந்தது இந்தியத் தபால் துறை. நாட்டுப் பிரிவினை வரை அங்கே ஒட்டியது இந்திய ஸ்டாம்ப். பிறகு பிரிட்டன் நேரடியாக நடத்தியது. 1963இல் அதுவும் கைகழுவிவிட, ஒவ்வொரு ஷேக்கும் தன் தபாலைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

ஏழில் மிகச் சிறியது அஜ்மான். பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். 1968 கணக்கெடுப்பில் மக்கள்தொகை நாலாயிரத்தைச் சற்றே தாண்டியது. அபுதாபிபோல எண்ணெய் கிடையாது, மீன்பிடிப்பும் பேரீச்சையும்தான். அங்கிருந்து வெளியூருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நம் ஊரில் ஒரு கிளை அஞ்சலகம் போதும் அதற்கு.

அந்த அஜ்மானைத் தேடி 1964இல் வந்தவர் ஃபின்பார் கென்னி. அமெரிக்கர், நியூயார்க் ஸ்டாம்ப் வியாபாரி, அதற்கு முன் மேசீஸ் பல்பொருள் அங்காடியின் ஸ்டாம்ப் பிரிவைக் கவனித்தவர். ஷேக் ரஷீத் பின் ஹுமைத் அல் நுஐமியோடு ஒப்பந்தம் போட்டார். சாரம் எளிது: உங்கள் நாட்டுப் பெயரில் ஸ்டாம்ப் அடிக்கிறேன், உலகச் சந்தையில் விற்கிறேன், உங்களுக்குப் பணம் வரும். அடுத்து ஏழில் இன்னொன்றான ஃபுஜைராவுடனும் இதே ஏற்பாடு. அஜ்மானின் முதல் தொகுதியில் விலை நயா பைசாவிலும் ரூபாயிலும் இருந்தது. வளைகுடாவில் அன்று புழங்கியது ரிசர்வ் வங்கி அடித்துக்கொடுத்த வளைகுடா ரூபாய். 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அவர்கள் ரூபாயைக் கைவிட்டார்கள். ஸ்டாம்பிலும் திர்ஹம், ரியால் என்று மாறியது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அசாத்தியமானது. முன்பணம் வாங்கிக்கொண்டு உன் கடிதத்தைச் சேர்ப்பிக்கிறேன் என்று அரசு சொல்லும் உறுதிதான் ஸ்டாம்ப். வாங்கியவர் அதை ஆல்பத்தில் ஒட்டிவிட்டால் அந்த உறுதியை நிறைவேற்ற வேண்டியதே இல்லை. அச்சுக்கூலி போக மிச்சமெல்லாம் லாபம். முத்திரையையும் சேர்த்தே அடித்துவிட்டால் இன்னும் நல்லது: யாரும் என்றைக்கும் அதை உறையில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்க முடியாது. அதனால் முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு மொத்த வியாபாரியிடம் தள்ளலாம். ஹங்கேரி, ருமேனியா, போலந்து, மங்கோலியா எல்லாமே இந்த வேலையைச் செய்தன. நம் ஆல்பங்களில் 'மகியார் போஸ்டா' நிரம்பி வழிந்ததற்கு அதுதான் காரணம்; ஹங்கேரிக்காரர் நமக்குக் கடிதம் எழுதித் தள்ளியதால் அல்ல.

கென்னி கண்டுபிடித்த வித்தை என்று இதைச் சொல்ல முடியாது. 1890களில் நியூயார்க்கில் ஹாமில்டன் பேங்க் நோட் கம்பெனியைச் சேர்ந்த நிக்கோலஸ் சீபெக், நிகராகுவா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், ஈக்வடார் ஆகிய நாடுகளுக்கு ஸ்டாம்பை இலவசமாகவே அச்சடித்துக் கொடுத்தார். பதிலுக்கு இரண்டு நிபந்தனை. வருஷம்தோறும் புது வடிவம் வரவேண்டும். மிஞ்சிய பழைய சரக்கு தனக்கே திரும்ப வேண்டும். அந்த மிச்சத்தைச் சேகரிப்போருக்கு விற்றே சம்பாதித்தார்.

அஜ்மான் ஸ்டாம்ப் அச்சானது அஜ்மானில் அல்ல. அதில் பெரும்பகுதி அஜ்மான் மண்ணைப் பார்த்ததும் இல்லை. அச்சகத்திலிருந்து ஏஜென்ட், ஏஜென்டிடமிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து பாக்கெட் போடுகிறவர். கண்ணாடித்தாள் உறையில் ஐம்பது, நூறு என்று கலந்து, பெரிய படம் போட்டவற்றை முன்னால் தெரியும்படி செருகி, கடைக்கு. நம் ஊர்ப் புத்தகக் கடையில் சரமாகத் தொங்கிய பாக்கெட்டின் முன்பக்கத்தில் அஜ்மானும் ஏழில் இன்னொரு ராஜ்யமான உம் அல் குவைனும் உட்கார்ந்திருந்தது தற்செயல் அல்ல. பின்னால் ஒளிந்திருந்தவை ராணி எலிசபெத் தலை போட்ட பொடி ஸ்டாம்புகள். அந்தப் பொடிகளில் பல உண்மையாகவே ஒரு கடிதத்தைச் சுமந்து போனவை.

வகுப்பறைச் சந்தையில் கணக்கு நேர் தலைகீழ். ஒரு அப்போலோ கொடுத்தால் நாலு ராணி கிடைக்கும். முக்கோண ஸ்டாம்ப் என்றால் அதற்குத் தனி மவுசு. இதில் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அழகாக இருந்ததைக் கேட்டார்கள், கிடைத்தது. உலகப் படத்தில் அஜ்மான் எங்கே என்று தேடிய நாலு பேராவது ஒவ்வொரு வகுப்பிலும் இருந்திருப்பார்கள். இந்தக் காகிதம் செய்த உருப்படியான வேலை அது.

பெரியவர்களுக்கு வேறு தூண்டில் வைத்திருந்தார்கள். ஒரே படத்தைத் துளையிட்டு ஒன்று, துளையிடாமல் ஒன்று, தனித் தாளாக ஒன்று, நிறம் மாற்றி ஒன்று, மேலச்சு போட்டு ஒன்று. 'குறைந்த எண்ணிக்கையில் மட்டும்' என்ற சொல் கூடவே வரும். தொகுதி முழுமையாக வேண்டும் என்பவர் எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆகவேண்டும். அஜ்மான் பெயர் போதாதென்று அதன் உள்நாட்டுப் பகுதியான மனாமாவுக்கும் 1966 முதல் தனி ஸ்டாம்ப் வந்தது. பஹ்ரைன் தலைநகரம் அல்ல இது. மலைப்பக்கத்துச் சிறு விவசாயக் கிராமம். அந்தக் கிராமத்துக்கு எதற்கு நிலவுப் பயணத் தொகுதி என்று கேட்கக் கூடாது.

சிலர் கேட்டார்கள். அமெரிக்க ஸ்டாம்ப் சேகரிப்போர் சங்கம் இப்படிப்பட்ட வெளியீடுகளுக்குக் 'கரும்புள்ளி' வைத்துத் தன் பத்திரிகையில் எச்சரித்தது. கழுதை ஒன்றுதான் பாக்கி. லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக் இவற்றில் பலவற்றை முதன்மைப் பட்டியலில் சேர்க்காமல் பின்னிணைப்புக்குத் தள்ளியது. கேட்டலாக்கில் ஒரு ஸ்டாம்புக்குப் போட்டிருக்கும் மிகக் குறைந்த விலை அந்த ஸ்டாம்பின் மதிப்பே அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் அதைத் தேடி எடுத்து, சரிபார்த்து, உறையில் போட்டுக் கொடுக்கும் கூலி அது. நீங்கள் விற்கப் போனால் அந்தக் கூலி உங்களுக்குக் கிடைக்காது.

1971 டிசம்பர் 2இல் அமீரகம் உருவானது. 1972 ஆகஸ்டில் மத்திய அரசு தபாலை எடுத்துக்கொண்டது. அஜ்மான் ஸ்டாம்பின் ஆயுள் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் இந்தக் குட்டி ராஜ்யங்கள் எல்லாம் சேர்ந்து வெளியிட்டவை ஆயிரக்கணக்கில். நாடு போனாலும் சரக்கு தீரவில்லை. எண்பதுகளில்கூட நம் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கென்னியும் ஓய்வெடுக்கவில்லை. பசிபிக்கில் குக் தீவுகளுக்கு ஸ்டாம்ப் போட்டுக் கொடுத்தார். 1978 தேர்தலில் அங்கே பிரதமர் ஆல்பர்ட் ஹென்றி, நியூசிலாந்தில் குடியிருந்த தம் ஆதரவாளர்களை வாடகை விமானங்களில் அழைத்துவந்து ஓட்டுப் போட வைத்தார். ஓட்டுக்குப் பணம் கொடுத்துப் பார்த்திருக்கிறோம், லாரியில் ஏற்றிப் பார்த்திருக்கிறோம். கடல் தாண்டி விமானத்தில் ஏற்றியது ஹென்றிதான். செலவு 3 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல். கொடுத்தது கென்னியின் கம்பெனி. நீதிமன்றம் தேர்தல் முடிவைப் புரட்டிப்போட்டது, ஹென்றி பதவியிழந்தார், பின்னர் சர் பட்டமும் போனது. அமெரிக்காவில் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் 1977இல் வந்திருந்தது. அதன்படி நடந்த ஆரம்ப வழக்குகளில் ஒன்றில் கென்னியின் கம்பெனி 1979இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50,000 டாலர் அபராதம் கட்டியது. பையன்களின் பாக்கெட் மணியில் எவ்வளவு லாபம் இருந்திருக்கும் என்று இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

விலை ஏறும் பொருள் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் வேண்டும். 1948 ஆகஸ்ட் 15இல் காந்தி நினைவாக வந்த பத்து ரூபாய் ஸ்டாம்பில் வெறும் 100க்கு மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்டார்கள், கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக. அந்த நாற்காலியில் அப்போது இருந்தவர் ராஜாஜி. அதில் நான்கு சேர்ந்த ஒரு தொகுப்பு 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அலுவலகத் தேவைக்கு அடித்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க பேஸ்பால் அட்டையிலும் இதே கதைதான். டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட அட்டைகளில் விற்காமல் மூட்டை மூட்டையாகத் தேங்கியதை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டினார்கள். கிட்டங்கியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம். 1952ஆம் வருஷத்து அட்டைகளில் மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் படம் போட்டது ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் 1980களின் கடைசியில் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே பூட்டி வைத்தார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. முப்பது வருஷம் கழித்தும் அந்தப் பெட்டிகளுக்கு வாங்கின விலை தேறவில்லை. நம் பையன்கள் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டையைத் தொலைத்துவிட்டது பற்றி வருத்தப்பட வேண்டியதில்லை.

விதிவிலக்கும் உண்டு. பூடான் 1960களில் முப்பரிமாண ஸ்டாம்ப், 70களின் தொடக்கத்தில் கிராமஃபோனில் வைத்தால் பாடும் இசைத்தட்டு ஸ்டாம்ப் என்று அடித்தபோது சேகரிப்போர் கைகொட்டிச் சிரித்தார்கள். இன்று அந்த இசைத்தட்டுத் தொகுதிக்கு நல்ல விலை. ஆனால் ஒன்று பலித்தது என்பதற்காக எல்லாமே பலிக்கும் என்று சொல்வது லாட்டரி விற்கிறவன் பேச்சு.

அஜ்மானிலும் விலையுள்ளது ஒன்று உண்டு: அந்த எட்டு வருஷத்தில் அங்கே குடியிருந்த ஒருவர் உண்மையாகவே ஸ்டாம்ப் ஒட்டி, கையால் குத்திய முத்திரையோடு அனுப்பிய கடித உறை. அது அபூர்வம். ஆல்பத்தில் இருக்கும் அப்போலோவைவிட, யாரோ அப்பாவுக்கு வந்த கசங்கிய கவரைத்தான் விவரம் தெரிந்தவர் கேட்பார்.

பரணிலிருந்து ஆல்பம் இறங்கினால் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் புரட்டட்டும். பழைய ஸ்டாம்புக்கு லட்சம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் என்று கைபேசியில் வரும் வீடியோக்களை நம்பி யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்குக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், அப்படி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. உங்களிடம் இருப்பதை வாங்குவதற்கு உங்களிடமே முன்பணம் கேட்கிறவர் வியாபாரி அல்ல.